கம்பிக்குப் போர்வை தந்த கித்தா

வீட்டுச் சுவரில் விசையைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கொண்டுவருவது செம்புக் கம்பி என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. ஆயினும் அக்கம்பியை வெறுமையாகச் சுவருக்குள் பதித்துவிட்டால் விளக்கு எரியாது, வீடுதான் எரியும். மின்சாரம் தனக்கு இடப்பட்ட வழியை விட்டுச் சுவரின் ஈரத்திலும் மனிதன் உடலிலும் பாய்ந்துவிடாமல் தடுத்து நிறுத்துவது கம்பியின்மேல் இருக்கும் போர்வையே. செம்பு இல்லையேல் மின்சாரம் ஓடாது. போர்வை இல்லையேல் அது பயன்படாது. மின்சாரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் செம்பையும் எந்திரத்தையும் பற்றி விரிவாக எழுதினார்கள். போர்வைக்கு அவர்கள் ஒதுக்கிய இடம் சிறிது.

அந்தப் போர்வை ஏறத்தாழ நூறு ஆண்டுக்காலம் மரத்தின் பாலிலிருந்தே கிடைத்து வந்தது. முதலில் அதைத் தந்தவை மலாயாக் காடுகள். பின்னர் அதில் பெரும்பங்கு தந்தவை மலாயாத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் பால் இறக்கியவர்களுள் மிகப் பலர் தமிழர். ஆதலின் இவ்வரலாறு, கெடாவின் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழரின் வரலாறும் ஆகும்.

மலாய் மொழியில் மரத்திலிருந்து வடியும் பாலுக்கும் பிசினுக்கும் ‘கெத்தா’ என்று பெயர். மலாயாத் தமிழர் அச்சொல்லைத் தம் நாவுக்கேற்பக் ‘கித்தா’ என்று ஆக்கிக்கொண்டனர். ரப்பர் மரம் அவர்களுக்குக் கித்தா மரம்; ரப்பர் தோட்டம் கித்தாக் காடு. அதே மலாய்ச் சொல் ஆங்கிலேயர் வாயில் ‘கட்டா’ என்று திரிந்து, ‘கட்டாபெர்ச்சா’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவியது. தோட்டத் தொழிலாளியின் கித்தாவும் விஞ்ஞானியின் கட்டாவும் ஒரு வேரிலிருந்து பிறந்த சொற்கள்.

காட்டு மரமும் கடற்கம்பியும்

தந்திச் செய்தியைக் கம்பி வழியே அனுப்பலாம் என்பது தெளிவானதும், கம்பியை எதனால் மூடுவது என்ற கேள்வி எழுந்தது. தரைக்கு மேலே கம்பங்களில் கட்டினால் காற்றே காப்பாக நிற்கும். நீருக்கடியில் என் செய்வது? 1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷானஸி என்னும் மருத்துவர் ஊக்ளி ஆற்றில் கம்பியிட்டுச் சோதனை செய்தார். கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்பினுள் வைத்து, கீலில் தோய்த்த நூலால் சுற்றினார். அது சோதனைக்குப் போதுமானதாக இருந்தது, கடலுக்குப் போதாது.

விடை சிங்கப்பூரிலிருந்து வந்தது. மலாய் மக்கள் பாராங்குக் கத்தியின் கைப்பிடிக்குப் பயன்படுத்திய ஒரு பொருளை வில்லியம் மான்ட்கோமரி என்னும் அரசாங்க மருத்துவர் கவனித்தார். வெந்நீரில் இட்டால் மெழுகுபோல் குழையும். விரும்பிய வடிவில் பிசையலாம். ஆறியதும் கெட்டியாகி அவ்வடிவிலேயே நிற்கும். 1843இல் அதன் மாதிரிகளை அவர் இலண்டனுக்கு அனுப்பினார். சிங்கப்பூரில் வாழ்ந்த போர்த்துகீசியரான ஜோசே டி அல்மெய்டாவும் அதே ஆண்டில் மாதிரிகளை அங்குக் கொண்டுசென்றார். 1845இல் இதற்கெனவே இலண்டனில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. ஜெர்மனியில் வெர்னர் சீமன்ஸ் மண்ணுக்குள் புதைக்கும் தந்திக் கம்பிகளுக்கு அதைப் பயன்படுத்தினார். 1848இல் மைக்கேல் ஃபாரடே அதன் மின்காப்புத் திறனை எடுத்து எழுதினார்.

கட்டாபெர்ச்சாவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. காற்றும் வெயிலும் பட்டால் அது நாளடைவில் வெடித்து உதிரும். குளிர்ந்த கடலடியில், இருளில், நீரின் அழுத்தத்தில் கிடந்தாலோ பல பத்தாண்டுகள் கெடாது. கடலடிக் கம்பிக்கென்றே இயற்கை படைத்ததுபோல் அது அமைந்தது. 1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இட்ட முதற்கம்பி ஒரே நாளில் அறுந்தது. 1851இல் இரும்புக் கவசத்துடன் இட்ட கம்பி நிலைத்தது. 1858இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த கம்பி சில வாரங்களே பேசியது. ஏற்கெனவே குறைபாடு கொண்டிருந்த அக்கம்பியில், செய்தி விரைந்து செல்லும் என்று நம்பி ஏறத்தாழ 2,000 வோல்ட்டு அழுத்தத்தைச் செலுத்தினர். போர்வை பழுதாகிக் கம்பி ஊமையாயிற்று. கம்பியில் செல்லும் அழுத்தமும் கம்பியின் போர்வையும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும் என்ற பாடத்தை உலகம் அப்பெரும் பொருட்சேதத்தினால் கற்றது. சிறு அழுத்தத்தையே நுண்ணிய கருவிகளால் உணர்ந்து செய்தியைப் படிக்கும் முறை வெற்றி பெற்றது. 1866இல் அட்லாண்டிக் கம்பி நிலைபெற்றது.

அதன்பின் தமிழ்நாட்டின் முறை வந்தது. சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் இட்ட கடற்கம்பி 1871இன் தொடக்கத்தில் செய்தி பேசத் தொடங்கியது. கீழை நாட்டுக் காடுகளில் வடித்த பால், இலண்டனில் கம்பிக்குப் போர்வையாகி, வங்கக் கடலின் அடியில் தமிழகத்தையும் மலாயாவையும் இணைத்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக் கெடாவுக்குள் சென்ற தமிழர் கடந்ததும் அதே கடலே.

சாய்த்த மரமும் கீறிய மரமும்

இப்பெருமைக்குக் காடு கொடுத்த விலை மிகுதி. கட்டா தரும் மரத்தில் பால் தனித்தனிச் சிறு பைகளில் தங்கியிருக்கும். கீறினால் தொடர்ந்து ஒழுகாது. ஆகவே முழு மரத்தையும் வெட்டிச் சாய்த்து, அடிமரத்தில் வளையம் வளையமாக வெட்டி, கசிந்ததைச் சுரண்டி எடுத்தனர். ஓங்கி வளர்ந்த ஒரு மரத்திலிருந்து கிடைத்ததோ சிற்றளவு. முதல் மாதிரி இலண்டன் போய்ச் சேர்ந்த சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்த் தீவில் பெரிய மரங்கள் அருகிவிட்டன. வெட்டுவோர் தீபகற்பத்தின் உட்காடுகளுக்கும் சுமத்ரா, போர்னியோக் காடுகளுக்கும் சென்றனர். ஜாவாவில் டச்சுக்காரர் மரத்தை வெட்டாமல் இலையிலிருந்து கட்டா எடுக்கும் முறையை வகுத்தபோது, காடுகள் பெரிதும் அழிந்திருந்தன.

ரப்பரின் கதை வேறு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்த கன்றுகளில் 22 மட்டும் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை உறுதிப்படுத்தினார். ஒரு மரம் பல்லாண்டுகள் பால் தந்தது. ஆனால் அம்முறைக்கு ஒவ்வொரு விடியலிலும் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மனிதக் கை வேண்டும். மரத்தை வெட்டிச் சாய்த்த காலத்தில் காடு அழிந்தது. மரத்தைக் காத்த காலத்தில் மனித உழைப்பு பெருமளவில் தேவைப்பட்டது.

அந்தக் கை பெரும்பாலும் தமிழரின் கையாக இருந்தது. 1909இல் சயாமுக்கும் பிரிட்டனுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் கெடா பிரிட்டிஷ் மேலாண்மைக்குள் வந்தது. வடக்கே அலோர் ஸ்டார்ச் சமவெளி நெல் வயல்களாகவே இருந்தது. தெற்கே கோல மூடா, கூலிம் மாவட்டங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் போன்ற ஊர்கள் தோட்டங்களை நம்பி வளர்ந்தன. 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடிபெயர்வு நிதியும் கங்காணி முறையும் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன. பழங்காலத்தில் கடாரம் என்று சோழரின் கல்வெட்டில் இடம்பெற்ற நாட்டில், மங்கும் வாளியும் ஏந்திய தமிழர் புதிதாகக் குடியேறினர்.

கடற்கம்பி அவர்களைத் தொடாமல் இல்லை. இலண்டன் சந்தையின் ரப்பர் விலை தந்தி வழியாகவே தோட்டக் கம்பெனிகளுக்கு வந்தது. 1910இல் ஓர் இறாத்தல் ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை ஏறியது. 1932இல் 2 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. அவ்வீழ்ச்சியில் கூலி குறைந்தது. பல்லாயிரவர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மலாயாப் பால் போர்த்திய கம்பி, மலாயாவில் பால் இறக்கியவனின் தலைவிதியைச் சுமந்து வந்தது.

சுவருக்குள் வந்த கம்பி

கடலுக்குக் கட்டாபெர்ச்சா, வீட்டுக்கு ரப்பர் என்று பணி பிரிந்தது. விந்தை என்னவெனில், இவ்விரண்டும் அடிப்படையில் ஒரே மூலக்கூறுகளால் ஆனவை. அணுக்கள் கோக்கப்பட்ட முறை மட்டும் வேறு. அவ்வேறுபாட்டால் ஒன்று கெட்டியாகவும் மற்றது இழுபடுவதாகவும் இருக்கின்றன. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி இக்குறையை நீக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மின்விளக்கு வந்தபோது, கந்தகம் ஏறிய ரப்பரே வீட்டு வயருக்கு ஏற்ற போர்வையாயிற்று.

அந்த வயரின் அமைப்பில் ஒரு நுட்பம் இருந்தது. ரப்பரிலுள்ள கந்தகம் செம்பைக் கருக்கும்; செம்பும் ரப்பரைக் கெடுக்கும். எனவே செம்புக் கம்பிக்கு முதலில் ஈயம் பூசினர். அதன்மேல் ரப்பர், அதன்மேல் பருத்தி நாடா, அதன்மேல் மெழுகேற்றிய நூற்பின்னல். இவ்வயரை மரத்தால் செய்த மூடிய காடிகளிலும், பின்னர் இரும்புக் குழாய்களிலும் இட்டுச் சுவரோடு ஓட்டினர். ரப்பரே மேலுறையாகவும் அமைந்த வயர் வந்தபின், சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் தகரக் கிளிப்புகளால் பிடித்துவிடும் முறை பரவியது. பலகைச் சுவர் மிகுந்த மலாயா வீடுகளுக்கு அது பொருத்தமாக இருந்தது.

தொலைபேசி, அழைப்பு மணி ஆகியவற்றின் கம்பிகளில் ஓடும் மின்சாரம் சிறிது. விளக்குக் கம்பியில் ஓடுவது உயிர்ப்பலி வாங்க வல்லது. இரண்டையும் ஒரே துளையில், ஒரே குழாயில் இடலாகாது என்பது தொழிலின் அடிப்படை நெறி. ஒன்றின் போர்வை கெட்டு மற்றதைத் தொட்டால், காதில் வைக்கும் கருவிக்கே ஆபத்து வந்து சேரும். வெப்பம் இன்னொரு பகை. பஞ்சோ நுரையோ அடைத்துக் கட்டும் குளிர்நாட்டுச் சுவர்களில் வீட்டுச் சூடு வெளியேறாததுபோல், வயரின் சூடும் வெளியேறாது. அரை மீட்டருக்குக் குறையாத நீளம் முழுதும் அத்தகைய அடைப்புக்குள் புதைந்த மின்வயர், திறந்த நிலையில் தாங்கும் மின்னோட்டத்தில் பாதியையே தாங்கும் என்று பிரிட்டிஷ் விதிகள் கணக்கிடுகின்றன. தொலைபேசி போன்ற சிறுமின்சாரக் கம்பிகள் சூடேறுவதில்லை. ஆதலின் அவற்றுக்கு இக்கவலை இல்லை. மலாயாவின் வெப்பம் வேறு வகையில் வேலை செய்தது. தகரக் கூரையின் கீழ் ஓடிய ரப்பர் வயர் நாளடைவில் காய்ந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்தது. பழைய வீடுகளில் மின்தீ நேர்வதற்கு அது ஒரு காரணம்.

ஊரில் ஒளி, லயத்தில் இருள்

மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கத்தில் ஒரு தமிழர் பெயர் உண்டு. 1894இல் சிலாங்கூரின் ரவாங்கில், ஈயச் சுரங்க வேலைக்கு மின்னாக்கி வைத்தவர்கள் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் ஆவர். 1904இல் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகராட்சி மின்சாரம் வழங்கியது. கெடாவிலோ, அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் ஆகிய ஊர்களுக்கு மின்சாரம் வழங்கியது பினாங்கைச் சேர்ந்த ஹட்டன்பாக் என்னும் தனியார் நிறுவனம்.

இவ்வூர்ப் பெயர்களை நோக்குக. அலோர் ஸ்டார் ஒன்று நீங்கலாக, ஏனையவை தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள். கடைத்தெருவில் விளக்கு எரிந்தது. சில கல் தொலைவில் தோட்டத்து லயம் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தது. தனியார் நிறுவனம் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது காசு திரும்பும் இடத்திற்கே. லயத்தில் குடியிருந்தவர்க்கு வீடு சொந்தமில்லை. வெளிச்சம் கேட்கும் உரிமையும் இல்லை. பல தோட்டங்களில் சொந்த மின்னாக்கி இருந்தது. அதன் ஒளி முதலில் ஆலைக்கும் துரையின் பங்களாவுக்கும் போயிற்று. பிறகு கிராணிமார் வீடுகளுக்குப் போயிற்று. லயத்துக்கு வந்தபோதும் மாலையில் சில மணி நேரமே எரிந்தது. விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடியவர்களுக்குத் துணை, கையிலும் தலையிலும் தாங்கிய எண்ணெய் விளக்கே.

இங்கு ஓர் உண்மையைத் திரித்துச் சொல்லலாகாது. கெடாத் தொழிலாளர் இறக்கிய பாலெல்லாம் வயருக்குப் போகவில்லை. பெரும்பகுதி மோட்டார் டயருக்கே போயிற்று. வயருக்குப் போனது ஒரு பகுதிதான். எனினும் அப்பகுதி இல்லாமல் இலண்டனிலும் பம்பாயிலும் சிங்கப்பூரிலும் ஒரு வீட்டிலேனும் பாதுகாப்பாக விளக்கு எரிந்திராது.

ஜித்ராவுக்குப் பின்

போர்வையின் வரலாற்றைத் திருப்பிய போர் கெடாவின் மண்ணில் நிகழ்ந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கி, அலோர் ஸ்டாருக்கு வடக்கே உள்ள ஜித்ராவில் பிரிட்டிஷ் அரணை இரண்டொரு நாளில் உடைத்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. தோட்டத் தொழிலாளரில் பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், திரும்பாதவர் பலர். மேல்நாடுகளோ ரப்பருக்குத் தவித்தன. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நின்றுபோயிற்று.

அத்தவிப்பு செயற்கைப் பொருள்களை வளர்த்தது. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கை ஜெர்மானியர் முன்னரே வயருக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். 1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலித்தீன், போர்க்காலத்தில் ராடார் கருவிகளின் கம்பிகளுக்குப் போர்வையாயிற்று. போர் முடிந்தபின் மலாயாவின் ரப்பர் மீண்டும் கிடைத்தது. ஆனால் வயர்த் தொழில் முழுமையாக அதனிடம் திரும்பவில்லை. 1956இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கம்பியின் போர்வை பாலித்தீன். அத்துடன் கட்டாபெர்ச்சாவின் கடலாட்சி முடிவை நெருங்கியது. 1960களில் வீட்டுச் சுவர்களிலும் பி.வி.சி. ரப்பரின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இதுவும் குறையற்றதன்று. வெப்பத்தைத் தடுக்கச் சுவரில் அடைக்கும் பாலிஸ்டைரீன் நுரை அதன்மேல் ஒட்டிக்கிடந்தால், பி.வி.சி.யை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வெளியேறிப் போர்வை விறைத்துவிடும்.

லயத்துச் சுவருக்கு வந்த வயர்

மலாயாவில் 1949 செப்டம்பர் 1ஆம் நாள் மத்திய மின்சார வாரியம் ஏற்பட்டது. அக்காலம் அவசரகாலம். புதுக்கிராமங்கள் பலவற்றின் முள்வேலிகளைச் சுற்றி விளக்கு எரிந்தது; அது குடியிருப்போரின் வசதிக்கன்று, காவலுக்கு. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாயிற்று. கூலியோடு வீட்டுநிலையும் பேச்சுப் பொருளாயிற்று. 1965இல் வாரியம் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறியது. ஹட்டன்பாக் வழங்கிய ஊர்களும் அரசு வாரியத்தின்கீழ் வந்தன. 1966இல் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்த அளவுத் தரம் வகுக்கும் சட்டம் வந்தது. 1990இல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டம், குழாய்நீருடன் போதிய மின்சாரமும் கிடைக்கச் செய்வது முதலாளியின் கடமை என்று வெளிப்படையாகக் கூறியது. ரவாங்கில் முதல் மின்னாக்கி ஓடி அப்போது 96 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இக்காலக் கணக்கையும் போர்வையின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலனாகும். ரப்பர் போர்த்திய வயர் உலகத்து வீடுகளில் ஆட்சி செய்தது 1880கள் முதல் 1950கள் வரை. லயங்களுக்கு முழுநேர மின்சாரம் பரவலாக வந்தது அதற்குப் பின்னரே. ஆகவே மிகப் பெரும்பாலான லயத்துச் சுவர்களில் ஓடிய வயர் பிளாஸ்டிக் வயர். அந்தச் சுவருக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள் தம் கையால் இறக்கிய பால், உலகத்துச் சுவர்களில் எல்லாம் ஏறி, தம் சுவரில் ஏறாமலேயே காலம் கடந்துவிட்டது.

இதற்குப் பின்னும் கெடா மாறியது. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, பல துண்டாகி விற்கப்பட்டன, லயங்கள் கலைந்தன. தோட்டங்கள் சூழ்ந்திருந்த கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. முடியினும் மெல்லிய மின்வழிகளைக் கொண்ட பொருள்கள் அங்கு உருவாகின்றன. கடலடியை ஆண்ட கட்டாபெர்ச்சா இன்று பல்மருத்துவர் வேர்ப்பகுதியை அடைக்கும் சிறு குச்சியாகச் சுருங்கிவிட்டது. கித்தாவோ மின்தொழிலை முற்றும் விட்டு நீங்கவில்லை. மின்கம்பத்தில் ஏறி, உயிருள்ள கம்பியைத் தொட்டு வேலை செய்யும் தொழிலாளி அணியும் காப்புக் கையுறை பெரும்பாலும் இயற்கை ரப்பரால் ஆனதே. மனித உயிரைக் காக்கும் இடத்தில் மரத்தின் பாலுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

மின்சாரம் கண்டவர்களின் பெயர்கள் பாடநூல்களில் உள்ளன. ஃபாரடேயையும் சீமன்ஸையும் மாணவர் அறிவர். அவர்கள் கண்டதை உலகம் அஞ்சாமல் வீட்டுக்குள் கொண்டுவர வழி செய்த பாலை இறக்கியவர்களின் பெயர்கள் தோட்டத்துச் செக்ரோலில் எழுதப்பட்டு, அந்த ஏடுகளோடு பெரும்பாலும் அழிந்தன. கெடாவின் தமிழர் வரலாற்றை எழுத முற்படுவோர் தோட்டங்களின் ஏக்கர் கணக்கோடும் கூலிக் கணக்கோடும் நின்றுவிடாமல், ஒவ்வொரு லயத்துக்கும் முதல் விளக்கு எந்த ஆண்டில் எரிந்தது என்பதையும் கேட்டு எழுதவேண்டும். அதைக் கண்ணாரக் கண்ட முதியோர் இன்னும் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் இருக்கிறார்கள். அவர்கள் உள்ளபோதே அதைக் கேட்டு எழுதிவைப்பது இத்தலைமுறையின் கடமை.